குறிப்பும் வெளிப்படையும்: தேர்தற் காலச் செய்தித்தாள் மொழி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

செய்தித்தாளை இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளுதல் நம் தமிழ்த்துறைகளில் பெருவழக்கன்று. காலையிற் பிறந்து மாலையில் மறையும் எழுத்தில் ஆராய்தற்கு யாது உளது என்று கருதுவார் பலர். ஆயினும், நாட்டு மக்களுட் பலர் நாள்தோறும் கண்ணுறும் உரைநடை அதுவே. பொதுத்தேர்தல் நிகழும் காலத்தில் அவ்வுரைநடையின் ஒவ்வொரு தொடரும் ஒரு தீர்ப்புக்குச் சான்றாக நிற்கின்றது. சான்று பழுதுபடின் தீர்ப்பும் பழுதுபடும். சொல்லையும் பொருளையும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட நாம், அச்சான்றின் சொல்லையும் பொருளையும் ஆராயாது விடுதல் முறையாகாது.

சொல் தன் பொருளை உணர்த்தும் முறையைத் தமிழிலக்கணம் வெளிப்படை, குறிப்பு என இரண்டாகப் பகுத்துக் காட்டும். செய்யுளில் இவ்விரண்டனுள் குறிப்புக்கே ஏற்றம் மிகுதி. உள்ளுறையும் இறைச்சியும் இன்றேல் அகப்பாட்டு இல்லை எனுமளவுக்கு நம் முன்னோர் குறிப்பைப் போற்றினர். சொல்லாமற் சொல்லுதலே புலமைக்கு அழகு என்று வகுப்பில் நாமும் கற்பிக்கின்றோம். இவ்வழகு செய்தித்தாளினும் அழகாகுமோ என்பதே ஈண்டு எழும் வினா.

இக்கட்டுரை நிறுவ முயல்வது ஒன்று. உரிமையற்ற காலத்தில் எளியோர்க்குப் படைக்கலமாக உதவிய மறைமொழி, உரிமையுள்ள காலத்தில் வலியோர்க்குப் படைக்கலமாக மாறிவிடுகின்றது. இரு காலத்தும் இழப்புக்கு உள்ளாவோன் வாக்காளனே. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிநிலைக் காலத்தையும் அதன் முடிவில் வந்த பொதுத்தேர்தலையும் ஒருபுறமாகவும், 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களை ஒட்டி வெளிப்பட்ட ‘பெய்டு நியூஸ்’ எனப்படும் முறைகேட்டை மறுபுறமாகவும் வைத்து இதனைக் காண்போம். நெருக்கடிநிலைக் காலத்தில் யான் பிறந்திலேன். அச்சில் எஞ்சியவற்றைக் கொண்டே அக்காலத்தை அறிகின்றேன். அச்சில் எஞ்சாதவை எவ்வளவு என்னும் எண்ணமே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று.

தணிக்கைக் காலத்து மறைமொழி

1975 சூன் 25ஆம் நாள் இரவு உள்நாட்டு நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டது. அவ்விரவே தில்லியில் நாளிதழ்கள் பல அமைந்திருந்த பகதூர் ஷா ஜாபர் சாலையில் அச்சகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மறுநாள் முன்தணிக்கை நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில திங்களில், நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிட இதழ்களுக்குப் பாதுகாப்பளித்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. 1966இல் அமைந்த பத்திரிகை மன்றம் கலைக்கப்பட்டது. பி.டி.ஐ., யு.என்.ஐ., சமாச்சார் பாரதி, இந்துஸ்தான் சமாச்சார் என்னும் நான்கு செய்தி நிறுவனங்களும் 1976இல் ‘சமாச்சார்’ என்னும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. அவைப் பேச்சை வெளியிடும் காப்பும், முறையிடும் மன்றமும், செய்தி ஊறும் பல கேணிகளும் ஒருங்கே அடைபட்டமை காண்க. வெறும் வாய்ப்பூட்டு மட்டுமன்று அது, காதுக்கும் பூட்டு.

இந்நிலையில் இதழ்கள் சில கைக்கொண்ட முறைகள் மூன்றினை ஈண்டு எடுத்துக் கொள்வோம்.

முதலாவது, வெற்றிடம். 1975 சூன் 28ஆம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தலையங்கத்திற்கு உரிய இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெளிவந்தது. எழுத்தில்லா இடம் எழுத்தினும் உரத்துப் பேசிற்று. பின்னர் அத்தகைய வெற்றிடங்களுக்கும் தடை வந்தது. குறிப்பை முதலில் உணர்ந்துகொண்டோர் தணிக்கையாளரே என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, சிலேடை. அதே நாள்களில் டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழின் பம்பாய்ப் பதிப்பில் இறந்தோர் அறிவிப்புப் பகுதியில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. இறந்தவர் பெயர் டி’ஓக்ரசி, முன்னெழுத்து டி.இ.எம்.; மனைவி பெயர் டி. ரூத், மகன் பெயர் எல்.ஐ. பெர்டி, இறந்த நாள் சூன் 26. பெயர்களை முன்னெழுத்தோடு சேர்த்துப் படித்தோர்க்குக் குடியாட்சியே இறந்ததென்பதும், வாய்மை கைம்பெண்ணாயினாள் என்பதும், உரிமை தந்தையை இழந்ததென்பதும் விளங்கின. பிரிமொழிச் சிலேடைக்கு ஆங்கிலத்தில் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்டல் அரிது.

மூன்றாவது, பட்டியல். இது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 1976 சனவரி 31ஆம் நாள் தி.மு.க. அமைச்சரவை நீக்கப்பட்டது. அக்கட்சியினர் பலர் மிசாச் சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோர் பெயரை வெளியிடத் தணிக்கை இடந்தரவில்லை. பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவுநாள். அன்று முரசொலியில், அண்ணாவின் நினைவிடத்திற்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் பட்டியல் ஒன்று வெளியிடப்பட்டது. ஊர்ப்பெயருடன் வரிசையாக நின்ற அப்பெயர்கள் அனைத்தும் சிறைப்பட்டோர் பெயர்கள். தணிக்கை செய்வோன் தொடுதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. படிப்போனுக்கு ஒரு பொருளும் விடுபடவும் இல்லை.

இம்மூன்றும் நமக்குப் புதியன அல்ல. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலின் பொலிவைப் புகழ்வார்போன்று, அவன் போர் அறியாதவன் என்பதைப் புலப்படுத்திய புறநானூற்றுப் பாட்டை அறியாதார் இலர். ஆற்றல் மிக்கான் அவையில் நேரிற் கூறலாகாததைப் புகழ்ச்சியின் போர்வையிற் கூறிய திறம் அது. முரசொலியின் பட்டியலும் பம்பாய் விளம்பரமும் அம்மரபின் வழித்தோன்றல்கள் எனல் மிகையாகாது.

குறிப்பின் எல்லை

திறனாய்வாளர் பலர் இவ்விடத்தில் நின்றுவிடுவர். தணிக்கை படைப்பாற்றலைக் கூர்மையாக்கிற்று என்று மகிழ்ந்து கட்டுரையை முடிப்பர். அம்மகிழ்ச்சி பாதி உண்மையே.

குறிப்புமொழி பொருள் தருதற்கு ஒரு முன்னிலைமை வேண்டும். சொல்வோனும் கேட்போனும் ஒரு செய்தியை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உள்ளுறை உவமத்தின் கருப்பொருளை அறியாதான் அப்பாட்டில் மலையையும் குரங்கையுமே காண்பான். முரசொலிப் பட்டியலைப் படித்த கட்சித் தொண்டனுக்குத் தன் ஊர்த் தலைவர் சிறைப்பட்டது ஒருவாறு தெரியும். பட்டியல் அதனை உறுதிப்படுத்திற்று. பம்பாய் விளம்பரத்தைப் படித்த ஆங்கிலங் கற்றோனுக்கு நெருக்கடிநிலை வந்தமை தெரியும். விளம்பரம் அவன் வருத்தத்திற்கு வடிவு தந்தது. இவை அறிந்தோர்க்கு அறிந்ததை நினைவுறுத்தின. அறியாதோர்க்கு அறியாததை அறிவித்தில. செய்தித்தாளின் கடமை பின்னதே அன்றோ?

1977 சனவரி 18ஆம் நாள் தேர்தல் அறிவிக்கப்பட்டது. உடனே முன்தணிக்கை தளர்த்தப்பட்டது. ஆயின், ஆட்சேபத்திற்குரிய செய்திகளின் வெளியீட்டைத் தடுக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. நெருக்கடிநிலையும் நீங்கவில்லை, வாக்களிப்பு முடிந்து, ஆளுங்கட்சி தோற்றமை தெளிவான பின்னரே மார்ச்சு 21ஆம் நாள் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையிலேயே இருந்தன. பிப்ரவரி 6ஆம் நாள் தில்லி இராம்லீலாத் திடலில் எதிர்க்கட்சிகள் பெருங்கூட்டம் கூட்டிய மாலையில், அக்காலத்து மக்கள் விரும்பிய ‘பாபி’ என்னும் இந்தித் திரைப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மக்களை வீட்டில் இருத்துதற்குச் செய்த சூழ்ச்சி அது என்று பரவலாகக் கருதப்பட்டது. மக்கள் திடலுக்கே சென்றனர்.

மார்ச்சு 16 முதல் 20 வரை வாக்களிப்பு நடந்தது. அறிவிப்புக்கும் வாக்களிப்புக்கும் இடைப்பட்டவை ஏறத்தாழ இரண்டு திங்களே. பத்தொன்பது திங்களில் மறைக்கப்பட்டவற்றை இரண்டு திங்களில் எடுத்துரைத்தல் வேண்டியதாயிற்று. முடிவு யாது? உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றிலும் ஆளுங்காங்கிரசு வெற்றி பெறவில்லை. பீகாரின் 54 தொகுதிகளிலும் அதே நிலை. ஆந்திரப் பிரதேசத்திலோ 42இல் 41, கருநாடகத்தில் 28இல் 26 அக்கட்சிக்கே கிடைத்தன. ஒரே நாடு, ஒரே தேர்தல், இரு தீர்ப்பு.

இவ்வேறுபாட்டிற்குச் செய்தித்தாள்களின் வாய்மூடல் ஒன்றே காரணம் எனின் அது மிகைபடக் கூறலாம். கட்டாயக் கருத்தடையும் குடிசை இடிப்பும் வடமாநிலங்களிலேயே மிகுதியாக நிகழ்ந்தன. கருநாடகத்தில் தேவராஜ் அர்ஸ் அரசின் நிலச்சீர்திருத்தம் ஆளுங்கட்சிக்கு நற்பெயர் ஈட்டித் தந்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வோடு கொண்ட கூட்டணி வலிமை தந்தது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் ஒன்று எஞ்சுகின்றது. 1976ஏப்ரலில் தில்லித் துர்க்மான் வாயிற் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. அவ்வாண்டில் நாடெங்கும் எண்பது இலட்சத்திற்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. வடநாட்டுச் சிற்றூரான் இவற்றை அறியச் செய்தித்தாள் வேண்டியதில்லை; அவன் உடம்பே அறிந்தது. தென்னாட்டு வாக்காளனுக்கோ செய்தித்தாளைத் தவிர வேறு வழி அரிது. அவன் அவற்றை எடைபோட்டுப் பொறுத்துக்கொண்டான் என்றோ, எடைபோட்டுப் புறந்தள்ளினான் என்றோ கூறுதற்கு இடமில்லை. எடைபோடுதற்குரிய தட்டில் அப்பொருள் உரிய காலத்தில் வைக்கப்படவே இல்லை.

வெற்றிடமும் சிலேடையும் பட்டியலும் அவற்றை எழுதியோரின் துணிவுக்குச் சான்று. அவற்றைப் போற்றுதல் நம் கடன். ஆயின் அவற்றைக் கொண்டு தணிக்கையின் விளைவை அளத்தலாகாது. குடியாட்சிக்கு வேண்டுவது குறிப்பறியும் புலவர் சிலர் அல்லர். வெளிப்படையான சொல்லைப் படித்தறியும் குடிமக்கள் பலர்.

தணிக்கை நீங்கிய பின்னர்

புதிய ஆட்சி அமைந்தபின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. நாடாளுமன்றச் செய்தி வெளியீட்டுக்குரிய பாதுகாப்பு மீண்டது. 1978இல் நிறைவேறிய நாற்பத்து நான்காம் திருத்தம் அதனை அரசமைப்பிலேயே இடம்பெறச் செய்தது. பத்திரிகை மன்றமும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் அமைந்தது. பூட்டுகள் திறந்தன. இனி மொழி வெளிப்படையாய் அமையும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. நிகழ்ந்தது அதுவன்று.

பவணந்தியார் நூற்குற்றம் பத்தினை வகுத்துரைத்தார். அவற்றுள் நான்கு, தேர்தற் காலச் செய்திகளை ஆராய்தற்கென்றே வகுத்தாற்போல் அமைந்துள்ளன. கூட்டம் ஒன்றில் வேட்பாளரை நோக்கி மக்கள் எழுப்பிய வினாவை விட்டு, அவர் பேச்சை மட்டும் தருதல் குன்றக் கூறல். ஆயிரவர் கூடிய இடத்தை அலைகடல் எனல் மிகைபடக் கூறல். தொகுதியின் குடிநீர்க் குறையைக் கேட்டபோது வேட்பாளரின் குடும்பப் பெருமையை நான்கு பத்தியில் எழுதுதல் மற்றொன்று விரித்தல். கட்சிக்காரர் கூற்று எது, செய்தியாளர் கண்டது எது என்று பிரித்தறியாவண்ணம் எழுதுதல் மயங்க வைத்தல். இவற்றுள் முதலாவது மிகக் கொடிது. ஏனைய மூன்றும் தாளில் இருப்பதால் கூர்ந்து நோக்குவோன் காணலாம். குன்றக் கூறல் தாளில் இல்லாதது. இல்லாததைக் காண்டல் யாங்ஙனம்?

இலக்கண நுண்மைகளும் இதற்குத் துணைபோகின்றன. ‘கூறினார்’ என்னும் ஒரு வினைக்கு ஈடாக ‘விளக்கினார்’, ‘முழங்கினார்’, ‘சாடினார்’, ‘மழுப்பினார்’, ‘புலம்பினார்’ என்பன வழங்குகின்றன. இருவர் ஒரே அளவிற் பேசினும், ஒருவர் விளக்கினார், மற்றவர் புலம்பினார் எனின் தீர்ப்பு வினைமுற்றிலேயே முடிந்துவிடுகின்றது. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’ என்னும் முடிபுகள் சொன்னவரை மறைத்துவிடுகின்றன. செய்தி உளது, பொறுப்பாளி இலர். செப்பும் வினாவும் வழுவாது காக்க வேண்டும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வகுத்தது. இன்றைய தலைப்புகளிலோ வினாவே செப்பாக நிற்கின்றது. இன்னார் கட்சி மாறுகிறாரா என்று தலைப்பிட்டுவிட்டால், மாறுகிறார் என்னும் பொருள் படிப்போன் நெஞ்சிற் பதியும்; பொய் என்று மெய்ப்பிக்கப்படின், வினவினோமேயன்றிக் கூறினோமல்லோம் என்று இதழ் தப்பித்துக்கொள்ளும்.

இவையனைத்தும் ஓரளவிற்கு எழுதுவோனின் சாய்வு. ஆனால், 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களுக்குப் பின் வெளிப்பட்டது சாய்வு மட்டும் அன்று; விலை. வேட்பாளரிடம் பணம் பெற்று, அவர் புகழைச் செய்தியென வெளியிடும் முறை பல மாநிலங்களில் வேரூன்றியமை தெரியவந்தது. பத்திரிகை மன்றம் பரஞ்ஜோய் குஹா தாகுர்தா, கே. சீனிவாச ரெட்டி என்னும் இருவரைக் கொண்டு இதனை ஆராய்வித்தது. அவர்தம் அறிக்கை இதழ்களின் பெயரைச் சுட்டி எழுதப்பெற்றது. மன்றம் 2010இல் அதன் சுருக்கத்தையே ஏற்று வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் ஆணையத்தின் ஆணைக்குப் பின்னர் 2011இலேயே வெளிவந்தது. குன்றக் கூறலை ஆராய்ந்த அறிக்கையே குன்றக் கூறப்பட்டமை வியப்புக்குரியது.

இவ்வழக்கில் நம் துறைக்கு உரிய ஒரு செய்தி உண்டு. 2009 மகாராட்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அம்மாநில முதலமைச்சரைப் புகழும் கட்டுரைகள், ஒன்றோடொன்று போட்டியிடும் மராத்தி நாளிதழ்களில் சொல்லுக்குச் சொல் ஒத்து வெளிவந்தமையை இதழாளர் பி. சாய்நாத் இந்து நாளிதழில் எடுத்துக்காட்டினார். ஏடு ஒப்புநோக்கிப் பதிப்பித்தலை அறிந்தோர்க்கு இச்சான்றின் வலிமை எளிதில் விளங்கும். தனித்தனி எழுதப்பெற்றன எனப்படும் இரண்டு ஏடுகள் பாடவேறுபாடு இன்றி ஒத்திருப்பின், இரண்டும் ஒரு மூல ஏட்டின் படிகள் என்பது ஒருதலை. அம்மூல ஏடு யாரிடம் இருந்தது, பணம் கைமாறியதா என்பன வழக்குமன்றம் ஆராய வேண்டியவை. அவற்றை நிறுவுதல் அரிதாயிற்று. ஆயினும் அவை செய்தியாளர் தாமே கண்டெழுதியன அல்ல என்பதை மூலபாடத் திறனாய்வே காட்டிவிடும்.

தேர்தல் ஆணையமும் வாளாவிருக்கவில்லை. இத்தகைய செய்திகளைக் கண்காணிக்கக் குழுக்களை அமைத்தது. 2011 அக்டோபரில், உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை, 2007ஆம் ஆண்டுத் தேர்தலில் செய்தி வடிவில் வந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கிற் காட்டாமைக்காக மூன்றாண்டுத் தகுதிநீக்கம் செய்தது. தண்டனை வேட்பாளருக்கு, காரணம், செலவுக் கணக்கு. படிப்போன் ஏமாற்றப்பட்டான் என்பது அங்கே குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பதனை நினைவிற் கொள்க.

இனி இரு காலத்தையும் அருகருகே வைத்து நோக்குவோம். 1975இல் செய்தி, விளம்பரத்தின் வேடம் பூண்டு வந்தது. 2009இல் விளம்பரம், செய்தியின் வேடம் பூண்டு வந்தது. வடிவளவில் இரண்டும் ஒன்றே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கூறல். நோக்கத்திலோ இரண்டும் எதிரெதிர். முன்னது, படிப்போன் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக அமைந்தது. அவன் கண்டுகொண்டபோதே அது பயன் பெற்றது. பின்னது, படிப்போன் கண்டுகொள்ளலாகாது என்பதற்காக அமைந்தது. அவன் கண்டுகொண்டால் பயனிழந்தது. ஆகவே முன்னதைக் குறிப்பு என்றும், பின்னதை மறைப்பு என்றும் வேறு பிரித்துப் பெயரிடுதல் தகும். குறிப்பு படிப்போனின் அறிவை நம்புகின்றது. மறைப்பு அவனது அறியாமையை நம்புகின்றது.

தடையும் விடையும்

அற்றேல், சார்பில்லாத எழுத்து உலகில் உண்டோ எனின், இல்லை என்பதே விடை. தமிழிதழ் வரலாற்றை நோக்குவோர் இதனை நன்கு அறிவர். விடுதலை, சனசக்தி, திராவிட நாடு, முரசொலி முதலிய இதழ்கள் இயக்கச் சார்பிற் பிறந்து இயக்கச் சார்பில் வளர்ந்தவை. அவற்றின் உரைநடை தமிழுக்கு வளஞ் சேர்த்தது. அவற்றைக் குற்றம் என்று தள்ளுவார் யாருமிலர். ஏன்? அவற்றின் சார்பு வெளிப்படை. அவற்றை விலை கொடுத்து வாங்குவோன், யார் பேச்சைக் கேட்கின்றோம் என்று அறிந்தே வாங்கினான். எனவே சார்பு குற்றமன்று. சார்பை மறைத்தலே குற்றம். தலையங்கத்தில் நிற்கும் சார்பு வாதம். செய்திப் பத்தியில் ஒளியும் சார்பு வஞ்சனை.

அற்றன்று, எல்லாக் கட்சிக்கும் ஒத்த அளவு இடம் அளித்தலே நடுவுநிலை எனின், அதுவும் பொருந்தாது. திருக்குறள் நடுவுநிலைமை அதிகாரம் துலாக்கோலை உவமை கூறுகின்றது. அக்கோல் எப்போதும் சமனாகவே நிற்கும் என்று வள்ளுவர் கூறினாரல்லர். முன்னர்ச் சமனாக நின்று, பின்னர் வைத்த பொருளின் எடையை உள்ளவாறு காட்டுதலே அவ்வுவமையின் உயிர். இருபது பலத்தையும் இரண்டு பலத்தையும் ஒன்றெனக் காட்டும் கோல் நடுநிலைக் கோலன்று, பழுதுற்ற கோல். மெய்யுரைக்கும் புனைவுரைக்கும் பத்தி பத்தியாக ஒத்த இடம் தருதல் அத்தகையதே. செய்தித்தாள் பொருளை வைக்கும்முன் சாயலாகாது; வைத்தபின் எடையை மறைக்கலாகாது.

இன்னுமொரு தடை உண்டு. இதழ்களைக் கட்டுப்படுத்தும் கடுஞ்சட்டம் ஒன்று இயற்றின் இக்குற்றம் தீராதோ என்பர் சிலர். தீராது, வளரும். சென்னை மாகாணத்தில் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு விதிக்கப்பட்ட தடையை 1950இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது முதல், இதழின் பக்கமும் விலையும் தாளின் ஒதுக்கீடும் கொண்டு அதனை நெருக்க முயன்ற சட்டங்கள் 1961இலும் 1972இலும் வீழ்ந்தது வரை, நம் நீதிமன்றங்கள் ஓர் உண்மையை வலியுறுத்தி வந்துள்ளன. கருத்தை அடக்கும் கைக்குக் காரணம் எப்போதும் கிட்டும். 2002இல் வேட்பாளரின் பின்னணியை அறிதல் வாக்காளனின் உரிமை என்று அந்நீதிமன்றம் கூறியபோது, அவ்வுரிமையைப் பேச்சுரிமையின் பகுதியாகவே கொண்டது. இதன் உட்பொருள் பெரிது. இதழுரிமை இதழ் உடைமையாளரின் சொத்தன்று. படிப்போன் அறிதற்கு உள்ள உரிமையே எழுதுவோன் எழுதுதற்கு உள்ள உரிமையாக வடிவெடுக்கின்றது. ஆகவே அதனைக் காக்க வேண்டுவது தணிக்கை செய்வோன் அன்று, படிக்கத் தெரிந்தவன்.

முடிவுரை

2024 பொதுத்தேர்தல் நடைபெற்ற வேனிலில், முதுகலை மாணவர் சிலரிடம் ஒரே கூட்டத்தைப் பற்றி இரண்டு நாளிதழ்கள் எழுதிய செய்திகளைக் கொடுத்து, அவற்றை உரைகாரர் முறையில் விளக்குமாறு பணித்தேன். ஒட்டணியையும் இலேசத்தையும் நொடியிற் கண்டுணரும் மாணவர், ஒரு செய்தியில் பேச்சாளர் ‘எடுத்துரைத்தார்’ என்றும் மற்றதில் ‘குற்றஞ்சாட்டினார்’ என்றும் இருந்ததைக் கண்டிலர். கண்டபின் ஒரு மாணவி வினவினாள்: “ஐயா, இதுவும் பாடமா?” அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலாது நின்றேன். நம் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பதே உண்மை.

இக்கட்டுரையின் விடை இதுவே. ஆம், இதுவும் பாடம். பத்துக் குற்றமும் செப்பு வினா வழுவும் பழஞ்சுவடிக்கு மட்டும் உரியன அல்ல. நம் இலக்கணிகள் சொல்லின் நேர்மையைக் காத்தற்குச் செய்த கருவிகள் அவை. அக்கருவிகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றினோமாயின், ஔவையார் சுட்டிக்காட்டிய தொண்டைமானின் படைக்கலங்களைப் போல, நெய் பூசிப் பீலி சூட்டப்பட்டுப் போரறியாது அவை பொலிந்து கிடக்கும்.

தணிக்கைக் காலத்தில் வெற்றிடத்தைப் படிக்கத் தெரிந்தோர் இருந்தமையால் அவ்வெற்றிடம் பேசிற்று. தணிக்கையில்லாக் காலத்தில் நிரம்பி வழியும் பத்திகளுக்கிடையே விடப்பட்டது யாது என்று படிக்கத் தெரிந்தோர் வேண்டும். அவ்வாறு படிப்போரை ஆக்குதல் தமிழ்த்துறைகளின் கடமைகளுள் ஒன்று எனத் துணிந்து கூறலாம்.